சின்னப் புத்தகம், மூணு படம்: ‘ஹாபிட்’ இழுவையா, இல்லையா?

#1 கடைசிப்பக்கம்

மூன்று படங்களையும் மறுபடி வரிசையாகப் பார்த்து முடித்தேன். பக்கத்திலேயே புத்தகத்தையும் வைத்துக்கொண்டு. பழைய சண்டைதான், தெரியும். 2012 ஜூலை 30 அன்று இயக்குநர் பீட்டர் ஜாக்சன் “இரண்டு இல்லை, மூன்று” என்று அறிவித்ததிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் சண்டை. ஆனால் நாம் எல்லாரும் அந்த எண்ணிக்கையையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறோமோ என்று இப்போது தோன்றுகிறது.

டோல்கீன் எழுதிய ‘ஹாபிட்’ 19 அத்தியாயப் புத்தகம். பில்போ என்ற சின்ன மனிதர், மந்திரவாதி காண்டால்ஃபோடும் தோரின் தலைமையில் 13 குள்ளர்களோடும் போய், ஸ்மாக் என்ற டிராகன் பிடித்துக்கொண்ட மலையை மீட்கும் கதை. திரையரங்கில் வந்த மூன்று படங்களையும் கூட்டினால் 474 நிமிடம், கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். சரி, எட்டு மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். அவ்வளவு நேரம் கையில் இருந்தும் புத்தகத்தில் இருப்பதற்கு இடமில்லாமல் போனது எப்படி? இதுதான் என் கேள்வி.

கரடியாக உருமாறும் பியோர்ன் வரும் அத்தியாயத்தை எடுங்கள். முன்கோபக்காரன் வீட்டுக்குள் 13 குள்ளர்களை ஒரேயடியாகக் கூட்டிப் போனால் விரட்டிவிடுவான் என்று காண்டால்ஃப் கதை சொல்லிக்கொண்டே இரண்டிரண்டு பேராக உள்ளே நுழைப்பார். கதை பாதியில் நிற்கும்போதெல்லாம் வாசலில் இன்னும் இரண்டு பேர். புத்தகத்தின் மிக நல்ல நகைச்சுவை அது. திரையரங்கில் வந்த இரண்டாம் படத்தில் இல்லை! மிர்க்வுட் காடும் அப்படித்தான். புத்தகத்தில் இருட்டு, பசி, மயக்கும் ஆறு, அதில் விழுந்து உறங்கிப்போகும் குண்டுக் குள்ளர் பாம்பரைச் சுமந்துகொண்டு நடப்பது என்று மூச்சு முட்டும். படத்தில் கொஞ்ச நேரம் தலைசுற்றல், உடனே சிலந்தி.

ஆனால் பொன் உருக்கி டிராகன் தலையில் ஊற்ற அத்தனை நேரம் இருந்தது.

இழுத்தது எனக்குப் பிரச்சினை இல்லை. எங்கே இழுத்தார்கள், எங்கே வெட்டினார்கள் என்பதுதான்.

#2 சும்மா_வந்தேன்

ஆரம்பிச்சுட்டாங்கய்யா.

ஒரே ஒரு வேண்டுகோள். கொஞ்ச வெண்ணெயைப் பெரிய ரொட்டியில தடவுன மாதிரின்னு பில்போ சொல்ற அந்த வசனத்தை மட்டும் யாரும் எடுக்காதீங்க. 2012ல இருந்து கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு.

#3 குகைவாசி

நான் வழக்கம்போல எதிர்க்கட்சி.

“சின்னப் புத்தகம்”னு சொல்றதே பாதி ஏமாத்து. ராப் இங்க்லிஸ் வாசிச்ச ஒலிநூல் சுமார் 11 மணி நேரம். படம் எட்டு மணி நேரம். அப்போ யார் யாரை இழுத்தது? டோல்கீன் ஒரு வரியில ஒரு மலையைத் தாண்டிடுவார். காமிராவால அது முடியாது. மலையைக் காட்டணும், ஏறணும், மூச்சு வாங்கணும்.

மோதிர முத்தொகுதி (‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’) இதைவிட அஞ்சு மடங்கு பெரிய கதை. அது மூணு படமா 558 நிமிஷம். அங்க டாம் பாம்படில்ங்கிற பாத்திரம் போச்சு, ஹாபிட்களோட ஊரான ஷயரைச் சுத்தம் பண்ற அத்தியாயம் மொத்தமா போச்சு. அப்போ “வெட்டிட்டாங்க”ன்னு அழுதோம். இங்க நிறைய வச்சா “இழுத்துட்டாங்க”. ரசிகனுக்கு என்னதான் வேணும்?

1977ல தொலைக்காட்சிக்கு ஒரு கார்ட்டூன் படம் வந்துச்சு. 77 நிமிஷத்துல முழுக் கதையும். அதுல பியோர்னே கிடையாது, குள்ளர்களோட அரசக் கல்லான ஆர்க்கன்ஸ்டோன் கிடையாது. சுருக்கினா இதான் கதி. அக்கா அந்த பியோர்ன் காட்சிக்காக இவ்வளவு வருத்தப்படுறீங்களே, அது நீட்டித்த பதிப்புல இருக்கு. இரண்டிரண்டு பேரா வர்றாங்க. பாம்பர் ஆத்துல விழுறதும் அதுலதான்.

#4 கடைசிப்பக்கம்

தம்பி, நீங்கள் என் கட்சிக்கே சாட்சி சொல்லிவிட்டீர்கள். படமெடுத்து வைத்திருந்திருக்கிறார்கள். 161 நிமிடப் படத்தில் எதைத் தூக்கலாம் என்று வந்தபோது புத்தகத்தில் இருந்ததைத் தூக்கி, புத்தகத்தில் இல்லாததை வைத்துக்கொண்டார்கள். புத்தகத்து பியோர்னைப் பார்க்க நான் 186 நிமிடப் பதிப்பைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

#5 பின்னிணைப்புப்பித்தன்

எதெல்லாம் “புத்தகத்தில் இல்லாதது” என்பதில் இங்கே எப்போதும் ஒரு குழப்பம். ஒருமுறை பிரித்து வைத்துவிடுகிறேன்.

காண்டால்ஃப் டோல் குல்டூர் கோட்டைக்குப் போகும் விவகாரம் ஜாக்சன் கற்பனை அல்ல. காண்டால்ஃப் ஏன் காட்டு வாசலில் குழுவை விட்டுப் போனார் என்பதற்கு ‘ஹாபிட்’ கடைசி அத்தியாயத்திலேயே விடை உண்டு. மந்திரவாதிகள் கூடிப் பேசி, மிர்க்வுட்டின் தென்பகுதியில் இருந்த நெக்ரோமான்சர் என்ற தீயவனை விரட்டியிருக்கிறார்கள். அவன்தான் மோதிரக் கதையின் வில்லன் சவுரான் என்பதும், ஆண்டு 2941 என்பதும் மோதிர முத்தொகுதியின் பின்னிணைப்புகளில் வருகிறது. இரண்டாம் படத்தின் தொடக்கத்தில் காண்டால்ஃபும் தோரினும் ப்ரீ ஊரில் சந்திப்பதற்கும் பின்னிணைப்பில் அடிப்படை இருக்கிறது.

இங்கே உரிமைச் சிக்கல் ஒன்றும் உண்டு. படக்காரர்கள் கையில் இருந்தது ‘ஹாபிட்’, மோதிர முத்தொகுதி, அதன் பின்னிணைப்புகள். அவ்வளவே. 1980இல் வந்த ‘அன்ஃபினிஷ்டு டேல்ஸ்’ தொகுப்பில், இந்தப் பயணத்தை ஏன் ஏற்பாடு செய்தேன் என்று காண்டால்ஃப் தன் வாயால் சொல்லும் அருமையான பகுதி இருக்கிறது. அதைத் தொட முடியாது. முதல் படத்தில் நீல மந்திரவாதிகள் இருவரின் பெயர் மறந்துவிட்டது என்று காண்டால்ஃப் சொல்வாரே, அந்தப் பெயர்கள் இருப்பது அந்தத் தொகுப்பில்தான். சிரித்துக்கொண்டே எழுதியிருப்பார்கள்.

மோதிர முத்தொகுதியில் வரும் லெகோலஸ் இந்தப் புத்தகத்தில் இல்லை. ஆனால் மிர்க்வுட் எல்ஃப் அரசனின் மகன், அங்கே இருந்திருப்பதில் தப்பில்லை. மந்திரவாதி ராடகாஸ்டின் பெயர் மட்டும் ஒரு முறை வரும். முயல் வண்டி படக்காரர்கள் கொடை.

ஆர்க் தலைவன் அஸோக்தான் மன்னிக்க முடியாதது. பின்னிணைப்பின்படி அவன் 2799இல் மோரியா வாசலில் டாயின் என்ற குள்ளர் கையால் செத்தவன். ஹாபிட் கதை நடக்கும்போது அவன் செத்து 142 வருடம். கதையின் கடைசியில் வரும் ஐந்து படைப் போருக்குத் தலைமை தாங்கி வருபவன் அவன் மகன் போல்க். அப்பனை எழுப்பி மூன்று படத்துக்கும் ஓட விட்டு, மகனைக் கையாளாக்கியிருக்கிறார்கள்.

#6 சும்மா_வந்தேன்

142 வருஷம் கழிச்சும் சம்பளத்துக்கு வந்து நிக்கிறான் பாருங்க, அந்தக் கடமை உணர்ச்சி.

#7 மழைக்குருவி

நான் படம் பார்த்துட்டுப் புத்தகத்துக்கு வந்த ஆளு. அதனால எனக்கு இந்தச் சண்டை கொஞ்சம் விநோதமா இருக்கும் எப்பவும்.

புத்தகத்துல பேசுற பெண் பாத்திரம் ஒண்ணுகூட இல்ல. பில்போவோட அம்மா பேரு வரும், அவ்ளோதான். படத்துல டோரியல்ங்கிற எல்ஃப் பொண்ணு வந்தப்போ எனக்கு எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? காட்டைத் தாண்டி உலகத்துல என்ன நடக்குதுன்னு கவலைப்படுற ஒரே எல்ஃப் அவதான். அவளைத் திட்டுற பதிவுகளைப் படிச்சா, கதை நீண்டதுக்குக் கோவமா இல்ல பொண்ணு வந்ததுக்கா கோவமான்னே சில நேரம் புரியறதில்ல.

தோரின் பத்தியும் ஒண்ணு. புத்தகத்துல 13 குள்ளர்ல எனக்கு ஞாபகம் நின்னது தோரின், பாலின், பாம்பர். பாம்பர் குண்டா இருக்கறதால. படத்துல ஒவ்வொருத்தரும் ஒரு ஆளா தெரியறாங்க. டிராகன்கிட்ட இழந்த மலையை நினைச்சு முதல் ராத்திரி அந்தப் பாட்டுப் பாடுவாங்களே, அங்கேயே நான் விழுந்துட்டேன். படம் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகும்போதுதான் பில்போ வீட்டை விட்டே கிளம்புவார்னு கேலி பண்றீங்க. அந்த முக்கால் மணி நேரம்தான் எனக்கு மூணு படத்துலயும் புடிச்ச இடம்.

#8 கடைசிப்பக்கம்

குருவி, கடைசிப் பத்தியில் நீ சொன்னதோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன். ஷயரில் நிதானமாக இருந்தது இழுவை இல்லை. குள்ளர்கள் தட்டைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் பாட்டு, தோரின் வந்ததும் வீடு அமைதியாகும் விதம், ஒப்பந்தத்தை நீட்டி வாசித்து பில்போ மயங்கி விழுவது. எல்லாம் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலிருந்து முளைத்தவை. குகையில் கோலம் என்ற பிராணியோடு பில்போவின் விடுகதைப் போட்டியும் அப்படியே. அந்தக் காட்சி எவ்வளவு நேரம் ஓடியது என்று ஒருவரும் புகார் சொல்லிக் கேட்டதில்லை. ஸ்மாகும் பில்போவும் பேசும் இடம் இன்னொன்று. நீளம் இங்கெல்லாம் உறுத்தவே இல்லை.

டோரியல் வந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். அவளுக்குக் கொடுத்த வேலையில்தான் வருத்தம். முக்கோணக் காதல் கிடையாது என்ற நிபந்தனையோடுதான் ஒப்புக்கொண்டேன் என்று எவாஞ்சலின் லில்லியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிறகு கூடுதல் காட்சிகளுக்குத் திரும்ப அழைத்தபோது முக்கோணம் வந்துவிட்டது. புத்தகத்தில் இல்லாத ஒரு பெண்ணை நம்பிக் கொண்டுவந்து, அவளுக்கென்று யோசித்து வைத்திருந்ததையும் கைவிட்டார்கள். அதுவும் எட்டு மணி நேரத்தில்.

#9 எடிட்மேசை

படத்தொகுப்பு வேலைக்காரன் பார்வையில் கொஞ்சம் சொல்கிறேன். நான் ஹாபிட் பக்கம் வேலை செய்தவன் இல்லை, சின்ன வேலைகள் செய்கிறவன். ஆனால் எந்தப் படத்திலும் தையல் பிரிந்த இடம் கண்ணுக்குத் தெரியும்.

முதலில் தேதிகளைப் பாருங்கள். 2008இல் கியர்மோ டெல் டோரோ இயக்குநராக வருகிறார், இரண்டு படத் திட்டம். எம்.ஜி.எம். நிறுவனம் கடனில் மூழ்கிக் கிடந்ததால் பச்சைக்கொடி தள்ளிக்கொண்டே போகிறது. 2010 மே மாதம் அவர் விலகுகிறார். ஜாக்சன் கைக்கு வந்து, 2011 மார்ச்சில் படப்பிடிப்பு. மோதிர முத்தொகுதிக்கு வருடக்கணக்கில் முன்தயாரிப்பு செய்த மனிதருக்கு இங்கே அது கிடைக்கவில்லை. 2012 ஜூலை 6 அன்று முதன்மைப் படப்பிடிப்பு முடிகிறது. மூன்று வாரம் கழித்து, ஜூலை 30, “மூன்று படம்”. முதல் படம் டிசம்பரில் வெளிவர வேண்டும்.

அதாவது இரண்டு படமாக எழுதி, இரண்டு படமாக எடுத்து, எடுத்து முடித்த பிறகு மூன்றாக வெட்டியது. எல்லாக் கோளாறும் இங்கேயிருந்துதான் வருகிறது.

இரண்டு படமாக இருந்தபோது முதல் படம் பீப்பாய்களில் தப்பித்து ஏரி நகரத்து வில்லாளி பார்டைச் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் முடிவதாக இருந்தது. நல்ல இடைவேளை. புது முகம், புது உலகம், தூரத்தில் மலை. மூன்றாக்கியபோது முதல் படம் கழுகுகளோடு முடிகிறது. அங்கே ஒரு உச்சக்கட்டம் வேண்டும். புத்தகத்தில் பைன் மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைக் கீழே ஓநாய்களும் காப்ளின்களும் சூழ்ந்து நெருப்பு வைத்துக் கேலிப் பாட்டுப் பாடும். பில்போ ஒன்றும் செய்யமாட்டார், கழுகு தூக்கிப் போகும் ஒரு குள்ளரின் காலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போவார். அதை வைத்து ஒரு படத்தை முடிக்க முடியாது. எனவே தோரினும் அஸோக்கும் நேருக்கு நேர், பில்போ கத்தியோடு பாய்கிறார், தோரின் கட்டிப்பிடித்து ஏற்றுக்கொள்கிறார். பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பில்போ தன்னை நிரூபிக்க வேண்டிய சிலந்திக் காடு, பீப்பாய், டிராகன் எல்லாம் இதற்குப் பிறகுதான் வருகின்றன. மரியாதை முன்பணமாகக் கொடுக்கப்பட்டுவிட்டது. இரண்டாம் படம் முழுக்க பில்போ ஓரமாக நிற்பது ஏன் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

இரண்டாவது வெட்டு இதைவிட மோசம். ஸ்மாக் மலையை விட்டுப் பறக்கிறான், பில்போ “நாம என்ன பண்ணிட்டோம்” என்கிறார், திரை கறுக்கிறது. ஒரு வருடம் காத்திருந்து மூன்றாம் படத்துக்குப் போனால், தலைப்பு வருவதற்கு முன்பே டிராகன் செத்துவிடுகிறான். இரண்டாம் படத்துக்கு முடிவு இல்லை, மூன்றாம் படத்துக்குத் தொடக்கம் இல்லை.

#10 குகைவாசி

அண்ணே, அந்த முன்பணம் விஷயம் நான் யோசிக்காதது. ஆனா ஸ்மாக் தொங்கல்ல விட்டது எனக்குப் புடிச்சுது. தியேட்டர்ல ஒரு பெருமூச்சு வந்துச்சு பாருங்க, அதுக்கே காசு.

அப்புறம் எல்லாரும் சொல்ற “ஸ்டுடியோ பேராசை”. முதல் படம் நூறு கோடி டாலரைத் தாண்டுச்சு. அடுத்த ரெண்டும் தலா 95 கோடிக்கு மேல. இவ்வளவு பேர் மூணு டிசம்பரும் போய் உட்கார்ந்திருக்காங்க. பிடிக்காமலா?

#11 எடிட்மேசை

டிக்கெட் வாங்கியவன் எல்லாம் பிடித்துத்தான் வாங்கினான் என்றால், நானும் மூன்று முறையும் வாங்கினேன். முதல் படத்துக்கு ஆசையில், மூன்றாவதற்கு முடித்துவிடும் எண்ணத்தில்.

பேராசை என்று ஒரே சொல்லில் முடிப்பதில் எனக்கும் உடன்பாடு இல்லை. மூன்றாம் படத்தின் நீட்டித்த பதிப்போடு வந்த ஆவணப்படத்தில் ஜாக்சனே சொல்கிறார்: போதிய தயாரிப்பில்லாமல் தளத்துக்குப் போய் அன்றன்றைக்குச் சமாளித்தேன், போர்க் காட்சி எடுக்கும் நேரம் வந்தபோது என்ன எடுப்பது என்றே தெளிவில்லாமல் நிறுத்திவிட்டு அடுத்த வருடத்துக்குத் தள்ளினோம் என்று. அந்த நிலைமையில் இருக்கிறவருக்கு மூன்றாவது படம் என்பது வசூல் மட்டுமல்ல, மூச்சுவிடும் அவகாசம். போரை யோசிக்க ஒரு வருடம் கூடுதலாகக் கிடைத்தது. அந்த அவகாசத்துக்கு விலை, அந்தப் போரே ஒரு முழுப் படமாக நீண்டது.

#12 அலைகடல்

நம்ம பக்கம் வாங்க. ‘பொன்னியின் செல்வன்’ அஞ்சு பாகம், ரெண்டே படம். அங்க நாம “சுருக்கிட்டாங்க”ன்னு கத்தினோம். ஜாக்சன்கிட்ட குடுத்திருந்தா குந்தவைக்கே தனியா மூணு படம் வந்திருக்கும். நம்ம படத்துல பூங்குழலியை என்ன பண்ணாங்கன்னு...

#13 நெறியாளர்

இதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே ஏற்கெனவே போதுமான இரத்தம் சிந்தியாயிற்று. அலைகடலின் பதிவில் மீதிப் பகுதியை அங்கே நகர்த்தியிருக்கிறேன். இங்கே மலையும் டிராகனும் மட்டும்.

#14 அலைகடல்

சரிங்க ஐயா.

#15 கடைசிப்பக்கம்

எடிட்மேசை சொன்ன போர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு மூன்றாம் படம்தான் உண்மையில் வலித்தது.

புத்தகத்தில் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, கழுகுகள் வருவதைப் பார்த்துக் கத்தும்போது, பில்போ தலையில் கல் விழுந்து மயங்கிவிடுகிறார். விழிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. யார் ஜெயித்தார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. பிறகு கூடாரத்துக்குள் தோரின் சாகக் கிடக்கிறார். குள்ளர்கள் ஃபிலியும் கிலியும் தாய்மாமன் தோரினைக் கேடயத்தாலும் உடம்பாலும் மறைத்து நின்று செத்தார்கள் என்று ஒரே வரி. டோல்கீன் முதல் உலகப் போரில் சோம் களத்தில் இருந்தவர். போரை விவரிக்க அவருக்குத் தெரியாமல் இல்லை. இந்தக் கதைக்கு, இந்தச் சின்ன மனிதனின் கண் வழியாக, இவ்வளவுதான் தெரிய வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்.

படத்தில் அந்தப் போர் முக்கால் மணி நேரம். ஃபிலி ஒரு கோபுரத்தில், கிலி ஒரு பாறையில், தோரின் பனியாற்றில் என்று தனித்தனியாகச் சாகிறார்கள். மூன்று பேரும் ஒரே இடத்தில் ஒருவருக்காக ஒருவர் நின்று செத்தார்கள் என்ற அந்த ஒரு வரியை எடுத்து விரித்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அதை விட்டுவிட்டு, பெண் வேடம் போட்டுப் பொற்காசைத் திணித்துக்கொண்டு ஓடும், ஏரி நகரத் தலைவரின் கையாள் ஆல்ஃப்ரிடுக்கு இத்தனை காட்சி.

#16 சும்மா_வந்தேன்

ஆல்ஃப்ரிட் பேரைச் சொல்லாதீங்க, சாப்பிடுற நேரம்.

#17 குகைவாசி

ஆல்ஃப்ரிடுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். எனக்கும் சுயமரியாதை இருக்கு.

ஆனா போர் பத்தி அக்கா சொல்றது நாவலுக்குச் சரி. மூணு வருஷம் தோரின் கூட நடந்து வந்த பார்வையாளன்கிட்ட, கடைசி நேரத்துல கறுப்புத் திரையைப் போட்டு “மயங்கிட்டார், அப்புறம் நடந்ததை காண்டால்ஃப் சொல்வார்”னா, நாற்காலி பறக்கும்.

#18 கடைசிப்பக்கம்

ஒரே படமாக இருந்திருந்தால் பறந்திருக்காது. பில்போ கதையாகத் தொடங்கியதைத் தோரின் கதையாக மாற்றியதால்தான் பறக்கும்.

#19 பின்னிணைப்புப்பித்தன்

இந்த ஆசை ஜாக்சனோடு தொடங்கியதில்லை என்பதையும் குறித்து வைக்க வேண்டும். ‘ஹாபிட்’ 1937இல் வந்தது. அந்தப் பதிப்பில் கோலம் என்பவன் விடுகதைப் போட்டியில் தோற்றதும் மோதிரத்தைப் பரிசாகவே தருவதாக இருந்து, காணவில்லையே என்று மன்னிப்பும் கேட்பான். பெரிய கதை எழுதப்பட்ட பிறகு அதற்குப் பொருந்தவில்லை என்று 1951 பதிப்பில் ஐந்தாம் அத்தியாயத்தை டோல்கீன் மாற்றினார். அது போதாமல், 1960இல் முழுப் புத்தகத்தையும் மோதிர முத்தொகுதியின் தொனியில், தேதி, தூரம், நிலா எல்லாம் சரிபார்த்து மறுபடி எழுதத் தொடங்கினார். ரிவெண்டல் வரை வந்தார். படித்துப் பார்த்த நண்பர் ஒருவர், நன்றாக இருக்கிறது, ஆனால் இது ‘ஹாபிட்’ இல்லை என்றாராம். டோல்கீன் நிறுத்திவிட்டார். அந்த அரைகுறை 2007இல் அச்சில் வந்தது.

#20 குகைவாசி

பாத்தீங்களா! ஆசிரியருக்கே தோணியிருக்கு. அவர் செய்ய நினைச்சதைத்தான் ஜாக்சன் செஞ்சார்.

#21 கடைசிப்பக்கம்

அவர் நிறுத்தினார் என்பதை விட்டுவிட்டீர்களே தம்பி.

#22 மழைக்குருவி

யாராச்சும் ரசிகர்கள் வெட்டின பதிப்பு பார்த்தீங்களா? மூணாவது படம் வந்த சில வாரத்துலயே, 2015 ஆரம்பத்துல, மூணையும் சேர்த்து நாலரை மணி நேரமாக்கி ஒருத்தர் விட்டார்னு படிச்சேன். அப்புறம் நாலு மணி நேரத்துல வேற சிலதும். பார்க்கலாமா, இல்ல வேஸ்டா?

#23 எடிட்மேசை

இரண்டு பார்த்தேன். ஆச்சரியமாக, முதல் பாதி பிரமாதமாக வேலை செய்கிறது. டோல் குல்டூரை முழுக்க எடுத்துவிடலாம், கதை கொஞ்சமும் அசையாது. காண்டால்ஃப் காணாமல் போகிறார், திரும்பி வருகிறார், புத்தகத்தில் போலவே. அந்தப் பகுதி கதையோடு சேராமல் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

சிக்கல் ஏரி நகரத்தில் தொடங்குகிறது. புத்தகத்தில் 13 பேரும் மலைக்குப் போகிறார்கள். படத்தில் கிலி விஷ அம்பு பட்டுக் கிடப்பதால் அவன், ஃபிலி, ஓயின், போஃபர் நான்கு பேரும் நகரத்திலேயே தங்கிவிடுகிறார்கள். டோரியல் வந்து குணப்படுத்த வேண்டுமே, அதற்காக. இப்போது டோரியலை வெட்டினால் கிலி எப்படிப் பிழைத்தான் என்று தெரியாது. கிலி காயத்தையே வெட்டினால் நான்கு பேர் ஏன் மலையில் இல்லை என்று தெரியாது. ரகசியக் கதவு திறக்கும் காட்சியில் அவர்கள் இல்லவே இல்லை, எந்தக் கத்தரியாலும் கொண்டுவர முடியாது. வெட்டுகிறவர்கள் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார்கள். திடீரென்று இசை அறுந்து விழும், ஒரு முகம் பாதி வார்த்தையில் மறையும்.

ஆகவே “எடுத்தது மொத்தமும் சரி, ஒரு நல்ல எடிட்டர் உட்கார்ந்தால் இரண்டு அற்புதப் படம் கிடைக்கும்” என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். ஒரு வரை சரி. அதன் பிறகு நீளம் எழுத்துக்குள்ளேயே கலந்துவிட்டது. ஸ்மாக் இறப்பும் அப்படித்தான். புத்தகத்தில் டிராகன் மார்பில் மறைப்பில்லாத இடம் இருப்பதை பில்போ கண்டுபிடிக்கிறார், அதைப் பாடும் குருவி கேட்டுக்கொண்டு போய் பார்டிடம் சொல்கிறது. மலையையும் நகரத்தையும் பில்போவையும் இணைக்கும் கயிறு அந்தக் குருவி. படத்தில் குருவிக்கு அந்த வேலை இல்லை, அம்பு வைக்க மகனின் தோள் இருக்கிறது. எந்த வெட்டும் அந்தக் கயிற்றைத் திரும்பக் கட்டாது.

குருவி, பார். முதல் பாதியை மட்டுமாவது.

#24 மழைக்குருவி

என் பேரைச் சொல்லியே குருவிக் கதையும் சொல்லிட்டீங்க. பார்க்கிறேன் அண்ணா.

#25 நீலத்தொப்பி

இழை நீளமா இருக்கு, பாதிதான் படிச்சேன். ஒரு சந்தேகம். மூணாவது படத்தைத் தியேட்டர்லதான் பார்த்தேன். அந்த ஆர்க்கன்ஸ்டோன் கல்லுக்குத்தானே இத்தனை அடிதடி? தோரின் பைத்தியம் பிடிச்சது, பில்போ திருடி பார்ட்கிட்ட குடுத்தது எல்லாம். கடைசியில அது யார்கிட்ட போச்சு? தங்கம் என்ன ஆச்சு? நான் எங்கயாவது தூங்கிட்டேனா?

#26 கடைசிப்பக்கம்

தூங்கவில்லை. திரையரங்குப் பதிப்பில் அது சொல்லப்படவே இல்லை. மலைக்கு அடுத்த அரசன் யார் என்பதும் இல்லை. தோரின் இறுதிச் சடங்கு, மார்பில் அந்தக் கல், டாயின் முடிசூடுவது எல்லாம் 164 நிமிட நீட்டித்த பதிப்பில்தான்.

#27 பின்னிணைப்புப்பித்தன்

புத்தகத்தில் கணக்கு முழுசாக இருக்கிறது. ஆர்க்கன்ஸ்டோன் தோரினோடு மலைக்கு அடியில் புதைக்கப்படுகிறது, பார்ட் கையால். செல்வத்தில் பதினான்கில் ஒரு பங்கை டாயின் பார்டிடம் தருகிறார். பார்ட் அதிலிருந்து ஏரி நகரத் தலைவருக்கு நிறைய அனுப்புகிறார், எல்ஃப் அரசனுக்குக் கிரியனின் மரகதங்களைத் தருகிறார். பில்போ இரண்டே இரண்டு சின்னப் பெட்டி எடுத்துக்கொள்கிறார், ஒன்றில் வெள்ளி, ஒன்றில் தங்கம். நகரத் தலைவர் ஊரைத் திரும்பக் கட்ட வந்த தங்கத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, கூட வந்தவர்களும் கைவிட, பாழ்நிலத்தில் பட்டினியால் சாகிறார். படத்தில் டிராகன் மேலே விழுந்து செத்துவிட்டதால் ஓடும் வேலை ஆல்ஃப்ரிடுக்கு வந்தது.

#28 நீலத்தொப்பி

ஓ. அப்போ ஆல்ஃப்ரிட் என்ன ஆனான்?

#29 சும்மா_வந்தேன்

நீட்டித்த பதிப்புல செத்துப் போறான். கவண்ல மாட்டிப் பறந்து ஒரு டிரோல் வாய்க்குள்ள போவான். நான் அந்தப் பதிப்பு வாங்கினதே அதுக்குத்தான்.